மஞ்சள் சாம்பல்

அல்போன்சா டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். அவளிடம் ரசாயனம் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். அந்த வருஷம் முழுக்க அந்த மூக்கு சிவந்தபடியேதான் இருந்தது. காரணம், அவள் குடியிருந்த தெருவின் கிணறு.

திண்டுக்கல் ஊர் முடிந்து பூந்தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் அந்தத் தெரு. அதையொட்டி ஒரு தோல் ஷாப்பு. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் தோலைப் போட்டுப் பதப்படுத்திய காலமெல்லாம் நாற்றம் மட்டும்தான் தொல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பிழைத்தார்கள். பிறகு முதலாளிக்கு அவசரம் வந்துவிட்டது. பட்டையில் மாதக்கணக்கில் ஊறுவதை குரோம் மருந்து சில நாளில் முடித்துவிடுமாம். மருந்து வந்தது. மதிலடியில் ஒரு துவாரம் போட்டுக் கழிவை வாய்க்காலில் விட்டார்கள். வாய்க்கால் கிணற்றோரமாகப் போனது. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாயிற்று. பெண்களின் விரலிடுக்கில் புண் வந்து குழி விழுந்தது.

ஷாப்பு மேனேஜர் ஞானராஜ் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர். அல்போன்சா பூசை முடிந்ததும் அவரை வாசலிலேயே மறித்துக் கிணற்றைப் பற்றிக் கேட்டாள்.

“அது சாயந்தான் டீச்சர், விஷமில்ல. மஞ்சத் தண்ணி மங்களந்தானே?” என்று சிரித்தார் அவர்.

சிரித்த வாயில் அந்தத் தண்ணீரையே ஊற்ற வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கோயில் வாசல் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சும்மா இருக்க அவளால் ஆகவில்லை. தோலையே இறுகப் பிடிக்கிற பட்டை இந்த குரோம் உலோகத்தையும் பிடிக்காதா என்று யோசித்தாள். ஷாப்பின் பின்பக்கம் குவிந்து கிடந்த பழைய பட்டைச் சக்கையை அள்ளி வந்து அலசி, தேங்காய்ச் சிரட்டைக் கரியோடு பானையில் அடுக்கி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். சொட்டுச் சொட்டாகத் தெளிந்து இறங்கியது. பள்ளிக்கூடத்து ஈய உப்புக் கரைசலை அதில் விட்டுப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரில் விட்டால் உடனே மஞ்சள் பொடியாகத் திரையும். இதில் எதுவும் திரையவில்லை, குரோம் பட்டையிலேயே தங்கிவிட்டது. தெருவில் வீட்டுக்கு வீடு பானை வைத்துக் கொடுத்தாள். “வாய்க்கால அடைக்கிற வரைக்குந்தான் இது. சக்கைய வாராவாரம் மாத்திருங்க” என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

மாற்றிய சக்கையை என்ன செய்வது என்று சொல்ல மறந்துபோனாள்.

அந்தத் தெருவில் பட்டைச் சக்கையை யாரும் வீணாக எறிய மாட்டார்கள். வெயிலில் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் துலக்குவார்கள், சிலர் பல்லும் துலக்குவார்கள். இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். தன் வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும் உறைக்கவில்லை.

உறைத்தது சிவனம்மாள் வீட்டுக் கொல்லையில். கனகாம்பரம் போட்டுப் பிழைக்கிற சிவனம்மாள் குத்தவைத்துச் சோற்றுப்பானையைத் துலக்கிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் புண். சாம்பலைக் கழுவிவிட்ட தண்ணீர் மஞ்சளாக ஓடியது.

“என்ன சாம்பல் இது?”

“நீங்க குடுத்த பானைச் சக்கைதான் டீச்சரம்மா. நல்லா நின்னு எரியுது.”

அல்போன்சா அவள் கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். பட்டை பிடித்து வைத்திருந்ததை அடுப்பு அவிழ்த்துவிட்டிருக்கிறது. சிவனம்மாளின் கையைப் பிடித்து நல்ல தண்ணீரில் கழுவிவிட்டபடி விஷயத்தைச் சொன்னாள்.

சிவனம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். “அப்ப இத எங்கதான் போட? தோட்டத்துல போட்டா பூவு போச்சு. ஓடையில போட்டா மாடு குடிக்கும். அவுக கொட்டுனத நாம எம்புட்டு காலத்துக்குச் சுமக்க?”

அன்றிலிருந்து சக்கையை எரிக்காமல் கூடைகளில் சேர்த்துவைத்தார்கள். அல்போன்சா மனுமேல் மனு எழுதி, ஒருவழியாக அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து ஷாப்பு வாசலில் இறங்கினார். அங்கே அவருக்காக ஒரு புதுப்பானை காத்திருந்தது. அல்போன்சா வைத்துக் கொடுத்தது போலவே பானை, அதே சக்கை, அதே சிரட்டைக்கரி. பானையின் வயிற்றில் மட்டும் நீலப் பெயிண்டில் ஷாப்பின் பெயர். ஞானராஜ் தன் கையாலேயே மஞ்சள் தண்ணீரை ஊற்றி, அடியில் இறங்கிய தெளிந்த தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

“வீட்டுக்கு ஒரு பானை இனாமாக் குடுக்கறோம் சார். டீச்சரம்மாவே கண்டுபிடிச்சது.”

தன் கையைக்கொண்டே தன் கண்ணைக் குத்துகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. மூக்கு சிவந்தது.

“தண்ணீர் சுத்தமாக இருக்கிறதே அம்மா. அப்புறம் வாய்க்காலை எதற்கு அடைக்க வேண்டும்?” என்றார் அதிகாரி.

“விஷம் எங்கயும் போகல சார், பட்டையில இருக்கு. எரிச்சா சாம்பல்ல வருது.”

“பழசை எங்கேயாவது புதைத்துவிடுங்கள்.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரிங்க சார்” என்றாள் அல்போன்சா. திரும்பித் தெருப் பக்கம் கையைக் காட்டினாள். சிவனம்மாளும் மற்றப் பெண்களும் தலையில் கூடையோடு வந்தார்கள். “ஷாப்புக்குள்ள எடம் கெடக்கு. அங்கயே பொதைச்சிரலாம். இவுக பொருள்தானே.”

ஞானராஜ் பாய்ந்துபோய் கேட்டை இழுத்துச் சாத்தினார். “ஏம்மா, கிறுக்கா புடிச்சிருக்கு? அந்த வெசத்த உள்ள கொண்டாராதீங்க! ஆளுக வேலை செய்யற எடம்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. அதிகாரிக்கும் கேட்டது. அவர் மட்டும் கேளாதவர்போல் மேகம் பார்த்தார்.

“மங்களம்னு சொன்னீகளே அண்ணே! எங்க கிணத்துல இருந்தா மங்களம், உங்க வாசலுக்கு வந்தா வெசமா?” அல்போன்சாவின் குரல் தெருக்கோடிவரை கேட்டது.

ஞானராஜ் கேட்டுக்கு உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டார். அதிகாரி ஜீப்பை நோக்கி நடந்தார். அவ்வளவுதான் விசாரணை.

சிவனம்மாள் ஜீப்பையும் பார்க்கவில்லை, கேட்டையும் பார்க்கவில்லை. மதிலோரமாக நடந்து, மஞ்சள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த துவாரத்தின் முன் நின்றாள். தலைக்கூடையை இறக்கி அதன் வாயிலேயே கவிழ்த்தாள். காலால் மிதித்து இறுக்கினாள். அடுத்தவள் கொட்டினாள், அதற்கடுத்தவள் கொட்டினாள். அல்போன்சா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்கால் கரை மண்ணை இரண்டு கையாலும் வாரி வாரி மேலே அப்பினாள். வாத்தியாரம்மா என்ற நினைப்பெல்லாம் அப்போது அவளுக்கு இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் நின்றது.

சற்று நேரத்தில் மதிலுக்கு உள்ளே கூச்சல் கிளம்பியது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி ஷாப்பு முற்றத்தில் பரவிக்கொண்டிருந்தது. ஞானராஜ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, “அடைப்ப எடுங்கடி!” என்று உள்ளிருந்து கத்தினார்.

“பானை வச்சு வடிகட்டிக்கங்க அண்ணே” என்றாள் அல்போன்சா. இன்னொரு கை மண்ணை வாரினாள்.