வாத்தியார் தூக்கிய குடம்

"குடத்துல சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க போறீகளா, நான் போகவா?"

சவுந்தரம் காலை நீட்டியபடியே கேட்டாள். கணுக்காலுக்கு மேலே கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல்போல் நரம்புச்சிலந்திப் புழு தலையை நீட்டியிருந்தது. வெளியே வந்த மட்டும் ஈர்க்குச்சியில் சுற்றி, துணியால் கட்டியிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடைதான் வரும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து, கால் சீழ் வைத்துவிடும்.

அவள் புருஷன் தாவீதுராஜ், பந்தல்குடிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷக் கோடை அது. இந்தப் புழுவைப் பற்றி அந்த வட்டாரத்திலேயே தனக்குத்தான் அதிகம் தெரியும் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். புண்காலோடு ஊருணியில் இறங்கினால் புழு தண்ணீரில் குஞ்சு விடும். அதை வடிகட்டாமல் குடித்தவர்களுக்கு அடுத்த வருஷம் கொப்புளம் கிளம்பும். பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லும்.

ஆனால் ஆம்பிளை, அதிலும் வாத்தியார், குடம் தூக்குவதா?

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். சவுந்தரம் நொண்டிக்கொண்டே ஊருணிக்குப் போனாள். அவருடைய விஞ்ஞானம் மண்டைக்குள் பத்திரமாக இருந்தது.

மறுநாள் பாடத்தின் நடுவே அந்த ஊர்ச் சம்சாரி பூமிநாதனின் பெண்சாதி மூக்கம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவள் மகள் அந்த வகுப்பில்தான் படித்தாள்.

"வாத்தியாரய்யா, புண்ணுக்காலோட ஊருணில எறங்கக் கூடாதுன்னு எம்மக சொல்லுது. நேத்து உங்க வீட்டம்மா முழங்கால் தண்ணில நின்னாகளே?"

பிள்ளைகள் முப்பது பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பிரம்பை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்காலுலயும் கொப்புளம் கண்டுருச்சு" என்றாள் அவள். "நான் எறங்கலைன்னா எங்க வீட்டுக்குத் தண்ணி யாரு கொண்டாருவா? அதயும் பாடத்துல சொல்லிக் குடுங்க."

"தப்பு என் மேலதான்மா" என்றார். அதுவரை அவர் நடத்திய பாடங்களிலேயே சின்னப் பாடம் அதுதான்.

சாயங்காலம் குடத்தோடு கிளம்பினார். கரையில் நின்று கயிறு கட்டிய வாளியால் மொண்டு, வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினார். குடம் இடுப்பில் நிற்கவில்லை. தோளில் வைத்தார், சட்டை நனைந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்கள் அந்த அளவு மரியாதைகூடக் காட்டவில்லை.

"என்ன வாத்தியாரே, சேலை ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?" என்று பூமிநாதன் கத்தினார்.

ஆனாலும் தாவீதுராஜ் மறுநாளும் போனார்.

மூக்கம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் போய், தன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. மூன்றாம் நாள் உச்சிவெயிலில், ஊரே நிழலுக்கு ஒதுங்கியிருந்த நேரத்தில், பூமிநாதன் குடத்தைத் துண்டால் மூடி, களவாணி மாதிரி ஊருணிப் பக்கம் போவதைப் பள்ளிக்கூட ஜன்னல் வழியாகத் தாவீதுராஜ் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சவுந்தரத்திடம் சொன்னார்: "பூமிநாதனே குடம் தூக்கிட்டாரு! என்னயப் பாத்துத்தான். இந்த ஊருல இது பெரிய காரியம், தெரியுமா? எனக்குத் தோளு கன்னிப்போச்சு, போகட்டும்."

சவுந்தரம் ஈர்க்குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.

"பதினாறு வருசமா நான் தூக்குறேன். ஒரு நாளாச்சும் யாரும் வேடிக்க பாக்க வந்தாகளா?"

தாவீதுராஜ் தோளைத் தடவுவதை நிறுத்தினார்.

மூன்று வாரம் கழித்துப் புழு முழுசாக வெளியே வந்தது. புண்ணும் ஆறியது. தாவீதுராஜ் குனிந்து பரிசோதித்தார். வேண்டியதற்கு மேலேயே சந்தோஷப்பட்டார்.

"சுத்தமா ஆறிப்போச்சு! இனிமே நீ தாராளமா ஊருணிக்குப் போகலாம்."

சவுந்தரம் அந்தக் காலை மடக்கிக்கொண்டு, இன்னொரு காலை நீட்டினாள்.

"இது லேசா வலிக்குதுங்க."

அவர் விளக்கைத் தூண்டிவிட்டு உற்றுப் பார்த்தார். வீக்கமில்லை, சிவப்பில்லை, கொப்புளத்தின் அறிகுறியே இல்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, வலிக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துத் தோளில் வைத்தார்.