இடது பக்க முன்கதவு

கம்பெனியை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய அன்று அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். தம்பி படிக்கவே இல்லை. சும்மா மிரட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, லைனில் போய் நின்று இடது பக்க முன்கதவை மாட்ட ஆரம்பித்தான். பத்தொன்பது வருஷமாக அவன் செய்துவந்த வேலை அது. தெருவில் யாராவது கார்க் கதவைச் சாத்தினால், வீட்டுக்குள் இருந்தபடியே "இது நம்ம கை" என்பான். அதில் பாதி புளுகு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அக்காவுக்குப் பெயிண்ட் பிரிவு. பளீரென்ற டியூப் லைட்டுகளுக்கு அடியில் வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டியையும் சுற்றிவந்து, தூசியோ கொப்புளமோ தெரிந்தால் பென்சிலால் வட்டம் போடுவாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் கழுகு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு இருபத்தொன்று, தம்பிக்குப் பதின்மூன்று. அவனைப் படிக்கவைத்து, வேலையில் சேர்த்து, கல்யாணமும் பண்ணிவைத்தாள். தனக்கென்று ஒன்றைப் பார்த்துக்கொள்ள நேரம் வாய்க்கவில்லை. இப்போது மாடியில் அவள், கீழே தம்பியும் அவன் மனைவியும் மகளும்.

மூடியது சும்மா இல்லை, நிஜம்தான். கடைசி வண்டி லைனைவிட்டு இறங்கிய மாதத்திலேயே சீட் தைக்கிற கம்பெனியும் கண்ணாடி செய்கிற கம்பெனியும் கதவைச் சாத்தின. மூன்று ஷிஃப்டுக்கும் ஓடிய பஸ்கள் குறைந்து குறைந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆயின. மகளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்புக்கு நான்கு பிரிவுகள் இருந்தன. அவற்றை இரண்டாகச் சேர்த்தார்கள். கம்பெனி வாசலில் இருந்த சிக்னலில் சிவப்பும் பச்சையும் நின்றுபோய், மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்திவைக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு முந்நூறு பேர் உட்கார்ந்தார்கள். மெஷின்களை வெளியே விடமாட்டோம் என்றார்கள். தம்பி முதல் வரிசையில் இருந்தான். அந்த வாரமே நிர்வாகம் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பியது. மெஷின்களைக் கழற்றி, எண் போட்டு, பெட்டியில் அடைத்து வேறொரு தேசத்துக்கு அனுப்ப நாற்பது பேர் தேவையாம். ஒரு ஆணிகூட மாறிப்போகாமல் பார்க்கிற கண் வேண்டும் என்றார்களாம். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் ஒருத்தராவது வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து தம்பி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "உங்க அண்ணிகிட்ட அந்தத் தண்ணியைக் கேளு" என்று மனைவியிடம் சொல்வான். அந்தப் பெண் இவன் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, தானே எழுந்துபோய்ச் சொம்பை எடுத்து வைப்பாள். பேசாமல் தபால்காரர் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கலாம் என்று ஒருநாள் முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

தினமும் காலையில் அக்கா பந்தலைக் கடந்துதான் உள்ளே போனாள். முதலில் ஏச்சு இருந்தது. போகப்போக ஏசுவதற்கும் ஆள் குறைந்தது. சிலர் மைத்துனன் ஊருக்குப் போனார்கள், சிலர் லாரி ஓட்டப் போனார்கள், சிலர் சொல்லாமலே போனார்கள். நான்காவது மாதம் பந்தலில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் அப்படியே வரிசையாக இருந்தன.

கதவு மாட்டுகிற லைனைக் கழற்றும் முறை வந்தது. இடது பக்க முன்கதவைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் கை எவ்வளவு முயன்றும் அசைந்து கொடுக்கவில்லை. வரைபடத்தில் இருந்த போல்ட்டுகளை எல்லாம் எடுத்தாயிற்று. மதியத்துக்குள் வராவிட்டால் கேஸ் வைத்து வெட்டிப் பழைய இரும்பில் போட்டுவிடலாம் என்றார் இன்ஜினியர். அக்கா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

தம்பி செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். அது மூன்று நாள் பழசு.

"உன் கையை வெட்டப் போறாங்கடா," என்றாள்.

அவன் தாளை இறக்கினான். அவள் விஷயத்தைச் சொன்னாள். மற்ற எட்டுப் பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

"அதுக்கு? நானே வந்து கழட்டிக் குடுக்கணுமா?" நான்கு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"வான்னு நான் சொல்லல. தெரியாம வெட்டிட்டாங்கன்னு நாளைக்கு நீ சொல்லக்கூடாது. அதான் வந்தேன்."

அவன் தாளை நாலாக மடித்து மடியில் வைத்தான். பக்கத்தில் இருந்த வயசான வெல்டர்தான், "போயிட்டு வாப்பா. இங்க நாற்காலிய யாரும் தூக்கிட்டுப் போயிடமாட்டாங்க" என்றார்.

உள்ளே நுழைந்ததும் அவன் நடை தடுமாறியது. கூரைவரை அடைத்துக்கொண்டு நின்ற லைன் போய், தரையில் போல்ட் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. குரல் எதிரொலித்தது. அவன் யாரையும் பார்க்காமல் தன் இடத்துக்குப் போய், இரும்புக் கைக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். கதவு இரண்டு மில்லிமீட்டர் தொங்குகிறது என்று ஒரு காலத்தில் அவனும் ஒரு ஃபிட்டரும் சேர்ந்து உள்ளே ஒரு தகட்டை வைத்து முடுக்கியிருந்தார்கள். எந்த வரைபடத்திலும் அது இல்லை. கால் மணி நேரத்தில் போல்ட் கழன்று வந்தது. அந்தப் பெரிய கை மெல்லக் கீழே இறங்கியது.

அக்கா ஒரு துண்டுச்சீட்டில் நம்பர் எழுதி அந்த இரும்புக் கையில் கட்டப்போனாள். அவன் தடுத்தான்.

"இன்னொண்ணு எழுது. கதவைப் பிடிக்கிற மூணாவது கிளாம்ப்ப ரொம்ப இறுக்கக்கூடாது. இறுக்கினா பெயிண்ட்ல கோடு விழும். பாவம், புதுசா நிக்கிறவனைத்தான் திட்டுவாங்க."

"நம்ம பாஷை அவங்களுக்கு எங்கடா தெரியும்?"

அவன் சற்று யோசித்தான். அவள் காதோரம் செருகியிருந்த பென்சிலை வாங்கி, கிளாம்ப்பைப் படமாக வரைந்து, அதன்மேல் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் பாதி சுற்று என்று தெரிகிற மாதிரி ஒரு வளைவு போட்டான். ஒரு தரம் அழித்து மறுபடி வரைந்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்குவது அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் போகவில்லை. சீட்டைக் கம்பியால் கட்டி, கம்பியின் முனையை மடக்கிவிட்டாள். மடக்கியதையே மறுபடி மறுபடி மடக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் பந்தலுக்குப் போகவில்லை. பத்து நாளில் பந்தலையும் பிரித்துவிட்டார்கள்.

மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் தம்பி குடும்பத்தோடு புறப்பட்டான். எட்டு மணி நேரத் தொலைவில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. கிளம்பும்போது அவன் மனைவிதான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் கீழ்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

அக்காவுக்கு இன்னும் மூன்று வாரம் வேலை இருந்தது. அதன்பிறகு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி போன் பண்ணுவான். நாள் பூராவும் நின்று கால் வீங்குவதாகச் சொல்வான். ரூம் சின்னதுதான், ஆனாலும் நீயும் வந்துவிடேன் என்பான்.

"பார்க்கலாம்டா," என்பாள் அவள்.

அந்த ஊரில் இப்போது எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அது. போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கி, பூட்டிக்கிடக்கிற வீட்டைத் திறந்து, ஜன்னல்களைக் கொஞ்சநேரம் திறந்துவைப்பாள். கூட்டுவதற்கு அங்கே குப்பை ஒன்றும் சேர்ந்திருக்காது. இருந்தாலும் கூட்டுவாள்.