பூந்திக்கொட்டைத் தண்ணீர்

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் பிரியாணிக் கடையின் பின்கட்டில் பிரியாணி வடித்த நான்கு பெரிய தேக்சாக்கள் கமர்ஜஹானுக்காகக் காத்துக் கிடந்தன. அடிப்பிடித்த பருக்கைகளைச் சுரண்டிவிட்டு, நன்னாரி சர்பத் பாட்டிலிலிருந்து பழுப்புத் தண்ணீரை நாரில் ஊற்றித் தேய்த்தாள். நுரை பேருக்குத்தான் வந்தது. ஆனால் நெய்யும் மசாலாவும் சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கிவிட்டன.

பாட்டிலில் இருந்தது சர்பத் இல்லை. பூந்திக்கொட்டையை உடைத்து, விதை நீக்கி ஊறவைத்து, கடையில் பிழிந்து எறியும் எலுமிச்சைத் தோலோடு கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டிய தண்ணீர். முதல் தடவை தோலை அள்ளிப் போட்டுவிட்டாள். விரல் வெடிப்பில் பட்டு உயிர் போனது. அப்புறம் நாலே தோலோடு நிறுத்திக்கொண்டாள்.

இத்தனை பாடும் ரேஷன் கடை மிஷினுக்காக. பாத்திரம் கழுவக் கேனில் வரும் பச்சை லிக்விடில் ஆறு வருஷம் ஊறியதில் அவள் விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டன. கடையில் தந்த கையுறை ஒரே வாரத்தில் கிழிந்தது. பத்து விரலையும் மிஷினில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. கார்டில் அவள் பெயர் மட்டும்தான். கை வைக்க வேறு ஆள் கிடையாது. "மாசக் கடைசி சனிக்கெழமைக்குள்ள ரேகை பதியலேன்னா அரிசி நின்னுரும்மா. நான் என்ன செய்ய?" என்று ரேஷன் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இருபது நாளாக அவள் பச்சை லிக்விடைத் தொடவில்லை. இன்று வியாழன்.

"யக்கா, வெளிச்சத்துல காட்டு" என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பேச்சாயி அவள் கையை இழுத்துப் பார்த்தாள். "அட, கட்டவெரல்ல கோடு கோடா வந்துருச்சே! மிஷினு இனி ஒன்னய மாப்பிள்ளை கணக்கா வரவேற்கும் போ!"

கமர்ஜஹானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எச்சில் வாளியைக் கொட்டிவிட்டு அவள் திரும்புவதற்குள், வெயிலில் வந்த முதலாளி அப்துல் ஜப்பார் ஜன்னலில் இருந்த அந்தப் பாட்டிலைச் சர்பத் என்று நினைத்து டம்ளரில் சாய்த்து, ஐஸ் போட்டு, ஒரே மடக்காகக் குடித்துவிட்டார். குடித்த வேகத்தில் துப்பினார்.

"யா அல்லாஹ்! என்ன கருமம் இது!"

வாயோரம் நுரை. பேச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கமர்ஜஹானுக்கு வேலை போனது போலத்தான் இருந்தது.

"பாத்திரம் வெளக்குறது மொதலாளி. பூந்திக்கொட்டை. வெசமில்ல" என்றாள். ரேஷன் கடைக் கதையையும் சொல்லி முடித்தாள்.

அவர் வாய் கொப்பளித்துவிட்டு, கவிழ்த்திருந்த தேக்சாவைத் தடவிப் பார்த்தார். பிசுக்கு இல்லை. விரலை மோந்து பார்த்தார்.

"நல்லாத்தேன் இருக்கு. எம் மருமக தஹ்சீனுக்கு சோப்பு பட்டா கை செவந்துபோவுது, கமரு. இதை நம்ம வீட்டுக்குக் காச்சிக் குடுத்துரு."

"தாரேன் மொதலாளி. கடைக்கும்..."

"கடைக்கு எதுக்கு? அம்புட்டுத் தேக்சாவுக்கு இதைக் காச்சி முடியுமா? நுரையில்லாம கழுவுனா பாக்குறவன் என்ன சொல்லுவான்? பச்சையே போதும்."

"சனிக்கெழம வரைக்கும் விடுங்க. இன்னும் ரெண்டு நாள்ல ரேகை நல்லாத் தெளிஞ்சிரும், வச்சிட்டு வந்துர்றேன்."

"ரெண்டு நாள்ல என்ன ஆயிரப்போவுது? நாளைக்கு வெள்ளிக்கெழம, ஏழு தேக்சா இருக்கு."

கெட்ட மனிதர் இல்லை. கொடைரோட்டில் கட்டிக்கொடுத்த அவள் மகளைக்கூட விசாரித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் மீதமிருந்த பூந்திக்கொட்டை எல்லாவற்றையும் போட்டுக் காய்ச்சினாள். ஆறியதும் பிசையக் கையை விடப் போனவளை முதலாளி தடுத்தார்.

"கைய விடாத கமரு. ஒங் கையில புண்ணு இருக்கு, தஹ்சீனுக்கு ஒத்துக்காது. கரண்டியால மசி."

கரண்டியால் மசித்து வடிகட்டி, மூன்று பாட்டிலில் நிரப்பி, ஈரம் துடைத்து அவர் பையில் வைத்தாள். போகும்போது அவரே கேனைத் திறந்து தொட்டியில் பச்சை லிக்விடை ஊற்றிவிட்டுப் போனார்.

கமர்ஜஹான் முதல் தேக்சாவை இழுத்துப் போட்டாள். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மீதி நான்கு விரலால் தேய்க்கத் தொடங்கினாள். நார் பிடிபடவில்லை. நழுவி நழுவிப் பச்சைத் தண்ணீருக்குள் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் முழுக் கையையும் விட்டுத் துழாவி எடுத்தாள்.