ஊறுகாயின் பாதி வரி

மாங்வன் சந்தை முனையில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஹேரிம் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. வயது முப்பத்தெட்டு. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "நேரம் இல்லங்க." அது பொய்யுமில்லை. பகல் முழுக்க ஊரார் மூக்குக்குச் சட்டம் பொருத்துவாள். சாயங்காலமானால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கொரியாவில் வந்தது, ஜப்பானில் வந்தது என்று பாட்டு, படம் ஒன்றையும் விடாமல் பிரித்து மேய்ந்து தன் வலைப்பூவில் எழுதித் தள்ளுவாள். அங்கே அவள் பெயர் ஊறுகாய். உறைக்கும், புளிக்கும், ஆனாலும் அது இல்லாமல் சோறு இறங்காது என்று அவளே வைத்துக்கொண்ட பெயர். அடக்கம் என்பது அவள் பக்கமே வந்ததில்லை.

"ஜப்பான் படத்தில் ஒருத்தன் ஒரு கிண்ணம் நூடுல்ஸை முழுசாகச் சாப்பிட்டு முடிப்பான், நாமும் உட்கார்ந்து பார்ப்போம். நம் கொரியப் படத்திலோ மூன்றாவது வாய் வைப்பதற்குள் யாராவது வந்து மேஜையைக் கவிழ்த்துவிடுவார்கள். ரசிகன் அழாமல் தியேட்டரை விட்டுப் போனால் நம் டைரக்டர்களுக்குத் தூக்கம் வராது" என்று எழுதுவாள். பாட்டில் இன்னும் கறார். "ஜப்பான்காரன் பாடினால் மூச்சு வாங்குவது கேட்கும், சுருதி ஒரு நூல் விலகினால் அப்படியே விட்டுவைப்பான். நாம் பாட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கைரேகைகூட இல்லாமல் கொடுப்போம். ஆனால் ஆட்டத்தில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. பல் பிடுங்க உட்கார்ந்தவன்கூட நம் பாட்டைக் கேட்டால் காலை ஆட்டுவான்." இப்படி.

இத்தனை கறாரான மனுஷி ஒரே ஒரு ஆளிடம் மட்டும் விழுந்து கிடந்தாள். 'சேபோம்' என்ற ஐந்து பேர் பாட்டுக் குழுவில் தான்யூ என்ற பையன். அவனை இவள் திட்டியதுபோல் யாரும் திட்டியிருக்க மாட்டார்கள், இவளைப்போல் கேட்டவர்களும் கிடையாது. எந்த மேடையில் எந்த அடியில் மூச்சைத் தவறவிட்டான் என்றுகூட எழுதியிருந்தாள்.

"அந்தப் பையனுக்கு உன்னை யாருன்னு தெரியுமா?" என்று கடை முதலாளி ஹ்வாங் ஒருநாள் கேட்டார்.

"தெரியாது."

"பின்ன?"

"எனக்கு அவன் மூச்சு தெரியும் முதலாளி. போதும்."

முகம் தெரியாதே தவிர, தான்யூவுக்கு ஊறுகாயைத் தெரியும். போன வருஷம் ஒரு நேரலையில் ரசிகர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான்: "ஊறுகாய்னு ஒருத்தங்க எழுதுறாங்க. பயங்கரமா திட்டுவாங்க. ஆனா எல்லாரும் என் மூஞ்சியப் பார்க்கிறப்போ அவங்க மட்டும்தான் பாட்டைக் கேக்கறாங்க. பாடி முடிச்சதும் அவங்க என்ன சொன்னாங்கன்னு போய்ப் பார்ப்பேன்." அன்றைக்கு ஹேரிம் கடைக் கழிப்பறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதே நேரலையில் அவன் இன்னொன்றும் சொன்னான். "ரொம்ப நாளா இருக்கிற ஒரு அக்கவுன்ட் திடீர்னு அழிஞ்சு போச்சுன்னா, நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சுட்டே இருப்பேன்." ரசிகர்கள் உலகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிடிக்காமல் போனவர் சண்டை போட மாட்டார், காரணம் சொல்ல மாட்டார், கணக்கை மொத்தமாக அழித்துவிட்டுப் போய்விடுவார். யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. "அழித்துவிட்டுப் போனவளைத் தேடாதீர்கள், அவள் காதல் முடிந்தது" என்று ஹேரிமே ஒருமுறை எழுதியிருக்கிறாள்.

இந்த வசந்தத்தில் சேபோமின் ஜப்பானிய இசைத்தொகுப்பு வந்தது. முதல் தடவை கேட்டபோது பையன் சோம்பேறி ஆகிவிட்டான் என்று ஹேரிமுக்கு எரிச்சல். நான்காம் தடவைதான் புரிந்தது. பாட்டு முழுக்க தான்யூ மூச்சு வாங்குவதே கேட்கவில்லை. தொண்டை கெட்டு, மூச்சு கரகரத்திருக்க வேண்டும். கம்பெனி ஓய்வு கொடுக்காமல், அந்த மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டு விற்கிறது. அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு எழுதினாள். கடைசி வரி இது: "இப்படிப் பாடுவதாக இருந்தால் நிறுத்திவிடு, தான்யூ. உன் மூச்சு திரும்பி வரும்வரைக்கும் மட்டும். அதுவரை நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்போம்."

ரசிகர்களும் கொதித்துப் போயிருந்தார்கள். வழக்கம்போல, பெரிய திரை மாட்டிய லாரியை வாடகைக்குப் பிடித்துக் கம்பெனி வாசலில் மூன்று நாள் நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஏற்பாடெல்லாம் ஹனுல் என்ற கல்லூரிப் பெண். அவள் ஹேரிமைக் கேட்டாள்: "அக்கா, உங்க பதிவுல இருந்து ஏதாவது எடுத்துக்கலாமா?"

கடையில் ஒரு குழந்தைக்குக் கண்ணாடிச் சட்டத்தை வளைத்துக்கொண்டிருந்த ஹேரிம், "எது வேணும்னாலும் எடுத்துக்கோ" என்று ஒற்றைக் கையால் பதில் அனுப்பினாள். அந்த ஒற்றைக் கையை அப்போதே சுட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹனுல் படம் அனுப்பினாள். சொங்சு தெருவில், கம்பெனி வாசலுக்கு நேர் எதிரே லாரி. திரையில் முழு உயரத்துக்கு எழுத்து: "இப்படிப் பாடுவதாக இருந்தால் நிறுத்திவிடு, தான்யூ. – ஊறுகாய்."

ஹேரிம் உடனே ஹனுலைக் கூப்பிட்டாள்.

"மீதி எங்கடி?"

"திரையில ரெண்டு வரிதான் அக்கா பிடிக்கும். வோட்டெடுப்புல உங்க வரிதான் முதல் இடம். உங்க பேரும் போட்டா கம்பெனிக்கு இன்னும் உறைக்கும்னு எல்லாரும் சொன்னாங்க."

"கம்பெனிக்கு உறைக்கிறது இருக்கட்டும். அவன் பார்ப்பானேடி. நானே அவனைப் போன்னு சொன்னதா நினைப்பான்."

"ஐயோ, அவர் அப்படியெல்லாம் நினைக்க மாட்டாரு. எல்லாருக்கும் தெரியுமே, நாம அவருக்காகத்தானே..."

"அவனுக்குத் தெரியுமா? அந்த வரியை எடு."

"வோட்டுல ஜெயிச்ச வரியை நான் மட்டும் எப்படி எடுக்கறது? மறுபடி வோட்டுப் போடணும் அக்கா. மூணு மணிக்குள்ள முடிச்சுடறேன், கோவிச்சுக்காதீங்க."

தான்யூ பயிற்சிக்கு வருவது ஒரு மணிக்கு. இது ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஹேரிம் முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினாள்.

போகிற வழியெல்லாம் இன்னொன்று உறுத்தியது. கம்பெனி வாசலில் போய் நிற்பவர்களை அவள் கிழித்துத் தொங்கவிட்டு எழுதிய பதிவுகள் பத்தாவது இருக்கும். மேடையில் பார், கேமராவில் பார், அவன் வேலைக்குப் போகிற வழியில் போய் நிற்காதே, அப்படி நிற்கிறவள் ரசிகையே இல்லை என்று சட்டம் போட்டவளே அவள்தான். வலைப்பூ தொடங்கிய இந்த ஏழு வருஷத்தில் ஒருநாளும் அந்தத் தெருப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

லாரி டிரைவர் ஒரு பெரியவர். பிளாஸ்கிலிருந்து பார்லி டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த ஒரு வரியை மட்டும் அணைச்சிடுங்களேன். நான்தான் அதை எழுதினது."

"எழுதினவங்களே வந்து அணைக்கச் சொல்றீங்களா? நல்லாயிருக்கு." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு ஓட்டத்தான் தெரியும்மா. எழுத்தை மாத்தறது எங்க ஆபீஸ். ஆர்டர் கொடுத்தவங்க போன் பண்ணணும்."

"திரையையாவது கொஞ்ச நேரம் அணைங்க. ஒரு பத்து நிமிஷம்."

"அணைச்சா, காசு கொடுத்த பிள்ளைங்க கேமரா வெச்சுப் பார்த்துட்டு என் தலையை உருட்டும். போன மாசம் உருட்டுச்சு."

திரையில் நான்கு வாசகங்கள் மாறி மாறி வந்தன. அவளுடையது வந்து போக நாற்பது விநாடி ஆயிற்று. கோட்டைக் கழற்றி எக்கி எக்கி மறைக்கப் பார்த்தாள். எழுத்தின் காலுக்குக்கூட அவள் கை எட்டவில்லை. வாசலில் நின்ற காவலாளி, "ஏம்மா, வயசுக்கு ஏத்த வேலையா இது? தள்ளி நில்லு" என்றான்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் கறுப்பு வேன் வந்து நின்றது. முகக்கவசமும் தொப்பியுமாக தான்யூ இறங்கினான். இத்தனை பக்கத்தில் அவள் அவனைப் பார்த்ததே இல்லை. மேடையில் தெரிவதைவிட ஒல்லி. கழுத்தில் துணி சுற்றியிருந்தான். திரையில் அவளுடைய வரி ஓடிக்கொண்டிருந்தது.

"தான்யூ, அது பாதிதான். மீதி இருக்கு, அது பாதி வரி" என்று கத்திக்கொண்டே ஹேரிம் ஓடினாள்.

கையில் கோட்டோடு, தலை கலைந்து, கத்திக்கொண்டு ஓடிவரும் ஒரு பெண்பிள்ளையை அவன் வேறு எப்படிப் பார்ப்பான்? சட்டென்று மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். அவன் கண்ணில் இருந்தது பயம். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. காவலாளி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். மேனேஜர் போனை நீட்டி அவள் முகத்தைப் படமெடுத்தார்.

"நான்தாங்க ஊறுகாய். நான்தான் எழுதினேன்."

"சரிங்க, இந்த வாரத்துல நீங்க மூணாவது ஊறுகாய்" என்றார் மேனேஜர். அலுத்துப்போன குரல்.

தான்யூ உள்ளே போகவில்லை. மேனேஜர் தோளுக்கு மேலாக, அந்த வரி ஒரு சுற்று சுற்றி மறுபடி வரும்வரை நின்று படித்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, இடுப்பை மடக்கி, லாரியைப் பார்த்து ஆழமாகத் தலைவணங்கினான். தப்புச் செய்தவன் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற வணக்கம் அது. நிமிர வெகுநேரம் ஆயிற்று. கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது.

ஹேரிம் எப்படி ரயில் ஏறினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. உட்கார இடம் இருந்தும் நின்றாள். அந்தக் கண்ணிலிருந்த பயமும் அந்த வணக்கமும் மாறி மாறி வந்து அவளை அறுத்தன. வரியை எடுக்க முடியவில்லை. சரி, வரிக்கு எடை கொடுப்பது எது? அந்தப் பெயர்தானே. ஊறுகாய் என்று ஒருத்தியே இல்லை என்றாகிவிட்டால் அது யாரோ உளறிய வரி, அவனும் தூக்கிப் போட்டுவிட்டுப் போவான். அவமானத்தில் கொதிக்கிற மூளைக்கு இது பெரிய யோசனையாகத் தெரிந்தது. ரயில் வாங்சிம்னி நிலையத்தைத் தாண்டுவதற்குள் வலைப்பூவைத் திறந்தாள். ஏழு வருஷம், அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள். நிச்சயமாக அழிக்கவா, அழித்தால் திரும்பாது, இந்தப் பெயரை யாரும் மறுபடி எடுக்க முடியாது என்று தளம் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்று அழுத்தினாள். பாவி மனுஷி, அடுத்தவர்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் தன் கை என்ன செய்கிறது என்று உறைக்கவே இல்லை.

மூன்று மணிக்கு ஹனுல் சொன்ன சொல் தவறாமல் வரியை மாற்றிவிட்டாள். "இப்ப சந்தோஷமா அக்கா?" என்று செய்தியும் அனுப்பியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, மதியம், ஹேரிம் ஒரு பாட்டுவாத்தியாருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அதிர்ந்தது. ரசிகர் பக்கத்தில் தான்யூ கைப்பட எழுதிய கடிதத்தின் படம் வந்திருந்தது. பாடகர்கள் கைப்பட எழுதினால் நல்ல சேதியாக இருக்காது என்பது ஊரறிந்தது. அவள் நின்றபடியே படித்தாள்.

"நான் பாடுவதை மூச்சு மூச்சாகக் கேட்கிற ஒருவர் இருந்தார். அவர் என்னை நிறுத்தச் சொன்னதை லாரியில் பார்த்தேன். காரணமில்லாமல் சொல்கிறவர் இல்லை. இந்தத் தடவை அவர் எழுதியதைப் படிக்கப் பயந்து தள்ளிப்போட்டிருந்தேன். முழுவதும் என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்கத்தான் அன்று சாயங்காலம் போனேன். இப்படி ஒரு வலைப்பூ இல்லை என்று வந்தது. அவர் போய்விட்டார் என்று புரிந்துகொண்டேன். கோபம் இல்லை. ஏழு வருஷம் கேட்டதே பெரிது. டாக்டர் ஆறு மாதம் ஓய்வு போதும் என்கிறார். ஆனால் திரும்பி வந்து யாருக்குப் பாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சேபோமிலிருந்து விலகுகிறேன்."

"என்னம்மா, எந்த எழுத்தைப் படிக்கணும்?" என்று பாட்டுவாத்தியார் கேட்டார். ஹேரிம் பின்னறைக்குப் போய் மூலையில் உட்கார்ந்தாள். ஆறு மாதம். அவள் எழுதிய மீதிப் பாதி அதைத்தானே சொன்னது. அவன் அதைத் தேடி வந்திருக்கிறான். வீடு தேடி வந்தவன் முகத்துக்கு நேரே அவள் வீட்டையே இல்லாமல் ஆக்கியிருக்கிறாள்.

யாரோ எப்போதோ படமெடுத்து வைத்திருந்த முழுப் பதிவும் அன்றைக்குச் சுற்றத்தான் செய்தது. ஹனுல் உண்மைதான் என்று சொல்லிப் பார்த்தும், ஜோடித்தது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். ஊறுகாய்தான் அழித்துவிட்டுப் போய்விட்டாளே, காதல் முடிந்தவளுக்கு வக்காலத்து என்ன வேண்டிக்கிடக்கிறது என்றார்கள்.

அவள் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தாள். எந்தப் பெயர் வைப்பது என்று தெரியாமல் தன் சொந்தப் பெயரையே வைத்தாள். கடிதத்துக்குக் கீழே, நாற்பதாயிரம் பின்னூட்டங்களுக்கு அடியில் எழுதினாள்: "தான்யூ, நான்தான் ஊறுகாய். நான் போகல. மூச்சு திரும்பி வர்ற வரைக்கும்னுதான் எழுதியிருந்தேன். நான் இங்கதான் இருக்கேன், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அரை நிமிஷத்தில் பதில் வந்தது. உடனே திறந்தாள். யாரோ ஒரு ரசிகை.

"கடிதம் வந்ததுல இருந்து நீங்க முப்பத்தி நாலாவது ஊறுகாய் அக்கா. வரிசையில நில்லுங்க."

அதற்குக் கீழே நூற்றிருபது பேர் சிரித்திருந்தார்கள்.