சிவப்பில் ஒரு பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு கேள்வியாகத்தான் கிடைத்தது. மில்லர்புரத்தில் பல் மருத்துவரிடம் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் கைபேசியில் கேட்டாள்: “இப்ப இதைப் பாத்துட்டு என்ன செய்யப் போறிய, சார்?” அந்தப் பக்கத்துப் பதில் என் காதுக்கு எட்டவில்லை. அவளிடம் விசாரித்திருப்பேன்; ஊசி போட்டு வாய் மரத்துக் கிடந்தது. அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை நானே எழுதிப் பார்க்கிறேன். அவளுக்கு ஜெயஷீலா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

துறைமுகத்தின் மேல் சூரியன் எழும்போது ஜெயஷீலா... (வேண்டாம். அவள் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

ஒரு கன்டெய்னர் யார்டில், எண்களை ரிப்போர்ட்டாக வடிவமைத்துக் கொடுப்பது அவள் வேலை. மேலாளர் ராஜதுரை சொன்னார்:

“ஒரே பக்கம் போதும்மா. கிரேன் டிரைவர்ல யாரு மெதுவுன்னு பாத்த உடனே தெரியணும். கடைசி ஆளைச் சிவப்புல போடு. அடுத்த மாசம் நிப்பாட்டிருவோம்.”

போட்டாள். சிவப்பில் வந்த பெயர் வேல்ராஜ்.

(இவருக்கு முதலில் மூன்று பெண்பிள்ளைகள் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். ஒருவர் வேலை போகக்கூடாது என்பதற்குப் பிள்ளைகளை ஏன் இழுக்க வேண்டும்?)

3

அவள் வேல்ராஜைத் தேடி யார்டுக்கு நடந்தாள். இந்த இடம் எனக்குப் பேச்சாகவே கேட்டது.

“என்ன பிள்ள, ஏசி ரூம விட்டுட்டு வெயிலுக்கு வந்திருக்க?”

“மணிக்கு எட்டுப் பெட்டிதான் தூக்குதிய, அண்ணாச்சி. டிக்சன் அண்ணன் பதினொண்ணு.”

“அவன் தூக்குதது காலிப் பெட்டி. எனக்கு எறால் பெட்டி. கரண்டு ஒயரைக் கழட்டணும், எறக்குன எடத்துல மாட்டணும். மாட்டுதவன் வார வரைக்கும் நிக்கணும். குளிர் போச்சுன்னா உள்ள இருக்கது கருவாட்டுக்குக்கூட ஆவாது.”

“இத ஏன் யாருட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா?”

4

வேறு வேறு வேலையை ஒரே பட்டியலில் அடுக்கியது தன் தப்பு என்று அவளுக்குப் புரிந்தது. குளிர்பெட்டி, காலிப்பெட்டி என்று பக்கத்தை இரண்டாகப் பிரித்தாள். குளிர்பெட்டி தூக்குவது வேல்ராஜ் ஒருவர்தான்; சிவப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். எனக்கே சந்தோஷம், எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், காலிப்பெட்டிப் பட்டியலின் அடியில் டிக்சன் சிவந்து நிற்கிறார்.

அவருக்கும் ஒரு காரணம் கொடுக்கலாம். முட்டிவலி என்று... கொடுத்தால் அவருக்கு மேலே இருப்பவர் கடைசியாகிவிடுவார்.

5

முடிவு அ: ராஜதுரை மனம் மாறி... (அவர் குரல் எனக்கு அப்படிக் கேட்கவில்லை.)

முடிவு ஆ: டிக்சனின் பதினொன்றை ஜெயஷீலா பதினான்காக்கி... (செய்ய மாட்டாள். வேல்ராஜுக்காகக்கூட எண்ணைத் தொடவில்லையே.)

அவள் செய்தது இவ்வளவுதான். சிவப்பை எடுத்தாள். பெயர்களை அகரவரிசையில் வைத்தாள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் என்ன பெட்டி, எவ்வளவு நேரம் காத்து நின்றார் என்று சேர்த்தாள். அனுப்பிவிட்டு, பல்வலியோடு மருத்துவரிடம் வந்து உட்கார்ந்து, ராஜதுரை சாருக்குப் போன் போட்டாள். வாய் மரத்த கிழவி ஒருத்தி பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பதில் சொல்லும் குரலை எழுதி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஆகவே போனை உங்கள் காதில் வைக்கிறேன். பக்கம் உங்கள் முன்னால் திறந்திருக்கிறது. டிக்சன், பதினொன்று. வேல்ராஜ், எட்டு.

“இப்ப இதைப் பாத்துட்டு என்ன செய்யப் போறிய, சார்?”