நூற்றிருபது சீஸ் பன்

சிவாஜிநகர் கறிக்கடையில் மூன்று சேர் கொத்துக்கறி என்று சொல்லிவிட்டு பிரிஜெட் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடைக்காரர் கொத்தி முடிப்பதற்குள் வாசலுக்கும் தெருவுக்குமாக நாலு தடவை நடந்துவிட்டாள். மகன் ஹெர்பர்ட், பாலமும் பாதையும் போடும் சாப்பர்ஸ் பட்டாளத்தோடு வடகிழக்கு எல்லைக்குப் போயிருந்தான். கடைசிக் கடிதம் வந்து ஐந்து வாரம். சீனாக்காரனோடு சண்டை மூண்ட பிறகு ஒரு வரிகூட இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் தபால்காரர் மணிச் சத்தம் காதில் விழுவதுபோலவே இருந்தது.

முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும்தான் மாதர் சங்கத்தில் அந்தப் பேச்சு வந்தது. வியாழக்கிழமை நாலு மணிக்குப் பட்டாளத்து ரயில் ஒன்று கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் நிற்குமாம். பையன்களுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாம் என்றார்கள். ஆரஞ்சு, பிஸ்கட் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரிஜெட் எழுந்து, "நூத்திருபது சீஸ் பன் நான் பண்ணித் தர்றேன்" என்றுவிட்டாள். கல்யாணத்துக்கு முன் ஓர் அமெரிக்க மிஷனரி அம்மாள் வீட்டில் சமைத்தபோது கற்றுக்கொண்டது அது. குட்டிப் பன்னைக் குறுக்கே அறுத்து, நடுவில் கொத்துக்கறியும் சீஸும் வைத்துச் சுட வேண்டும். அந்த வீட்டில் எட்டுப் பேருக்கு மேல் அவள் செய்ததே இல்லை.

"பைத்தியமா உனக்கு? சுண்டல் அவிச்சா போதாதா?" என்றார் கணவர் கிளாரன்ஸ். பிறகு அவரே இறங்கிவந்து, "சரி, மாட்டுக்கறி வாங்கு. பாதிச் செலவுல முடிஞ்சிடும்" என்றார்.

"ரயில்ல வர்ற பசங்க யாரு எவருன்னு நமக்குத் தெரியுமா? வாயில வச்சப்புறம் கேட்டு, துப்பிட்டான்னா?"

ஆகவே ஆட்டுக்கறிதான். மூன்று சேருக்கு மேல் வாங்க வழியில்லை. நாலு சேர் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்தாள். பேக்கரியில் மிஞ்சிய பழைய ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சேர்த்தாள். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மிளகுத்தூளைத் தாராளமாகப் போட்டுக் கறியோடு கிளறியபோது வாசனை ஆஸ்டின் டவுன் சந்து முழுக்கப் போயிற்று. பக்கத்து வீட்டு ருக்மிணி எட்டிப் பார்த்தாள். "சைவக்காரப் பசங்களும் இருப்பாங்கல்ல அக்கா? இருபது பன்னுல வெறும் கிழங்கு வையுங்க, நான் மசிச்சுத் தர்றேன்" என்று அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சீஸ்தான் இல்லை. இருந்தது ஒரே ஒரு பெரிய டின். ஹெர்பர்ட் கிளம்பும்போது கேன்டீனில் வாங்கி வந்தது. "கிறிஸ்மஸுக்கு நான் வந்து திறப்பேன், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று அலமாரி உச்சியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பிரிஜெட் ஸ்டூல் போட்டு அதை இறக்கினாள். கிளாரன்ஸ் அவள் கையைப் பிடித்தார்.

"அது அவனுதுடி."

"அவன் வந்தா வேற வாங்கலாம்."

வாயிலிருந்து விழுந்த 'வந்தா' இருவர் காதிலும் விழுந்தது. கிளாரன்ஸ் கையை விட்டுவிட்டார். அவள் டின்னைத் திறந்தாள். கத்தி பட்டால் உதிர்ந்து வீணாகும் என்று தையல் நூலை இழுத்துப் பிடித்து, தாள்போல மெல்லிசாக அறுத்தாள். நூல் பதிந்து விரல் சிவந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கே தட்டுகளோடு பாஷா பாய் பேக்கரிக்குப் போனாள். அங்கே சுட்டு வைத்திருந்த, ஒன்றோடொன்று ஒட்டிய பன்களைப் பிரிக்காமல் மொத்தமாகக் குறுக்கே அறுத்து, கறியைப் பரப்பி, சீஸை அடுக்கி, மேல்பாதியைக் கவிழ்த்து, டால்டா தடவி அடுப்புக்குள் தள்ளினார்கள். ஒன்றரை மணிக்கு, கடைசி ஈடு உள்ளே இருக்கும்போது கிளாரன்ஸ் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார்.

"ரயில் ரெண்டு மணிக்கே வந்துடுமாம்!"

"அரே, இன்னும் பத்து நிமிஷம் வேணும் அக்கா. சீஸ் உருகலை" என்றார் பாஷா பாய். அந்தப் பத்து நிமிஷமும் பிரிஜெட் அடுப்பு வாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு தட்டுகளைத் துணியால் மூடி, பேக்கரி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள்.

ரயில் அதற்குள் வந்து நின்றிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் கைகள். பிரிஜெட் சூட்டைப் பொருட்படுத்தாமல் பன்களைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். "ஆட்டுக்கறிதாம்பா, பயப்படாம சாப்பிடு. இது வெறும் கிழங்கு" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "சாப்பர்ஸ்ல ஹெர்பர்ட்டைத் தெரியுமா?" தலைகள் ஆடின, தெரியாது, தெரியாது. சிலருக்கு அவள் பேசிய மொழியே தெரியவில்லை.

கடைசிப் பெட்டிக்கு முந்தியதில், மீசை சரியாக முளைக்காத ஒருவன் பன்னை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"ஹெர்பர்ட்டா? தெரியும்மா. நெட்டையா இருப்பாரே! நல்லா இருக்காரும்மா. போன மாசம்கூடப் பார்த்தேன்."

ஹெர்பர்ட் அவன் அப்பாவின் தோளுக்குத்தான் வருவான். பின்னால் நின்ற கிளாரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிரிஜெட் முந்திக்கொண்டாள்.

"ஆமாம்பா. அவன்தான்."

இன்னொரு பன்னையும் அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "நீயும் உங்க அம்மாவுக்கு எழுதிப் போடு."

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தபோது தட்டில் ஏழெட்டு மிச்சம் இருந்தன. அவள் கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள், எட்டிய கைகளில் எல்லாம் வைத்தாள். பிளாட்பாரம் சரிந்து கருங்கல் ஜல்லியாக மாறும் இடத்தில் நின்றாள். வளைவில் திரும்பும் கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. விரித்த உள்ளங்கை. டாட்டா சொல்கிறதா, இன்னொன்று கேட்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.