ஆறாவது வட்டத்தில் ரோஜாப்பூ

கோயம்புத்தூரில் சனி, ஞாயிறு நடக்கும் அறிவியல் ஹேக்கத்தானுக்கு எங்கள் கல்லூரி ஒரு மாதம் பாடுபட்டுத் தயாரானது. முதல் வாரம் டீ-ஷர்ட்டின் நிறத்துக்குப் போனது. அடுத்த வாரம், அதன் முதுகில் தாளாளர் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு. மிச்ச நாளெல்லாம் ஃபிளெக்ஸுக்கு. போட்டிக்குக் கொண்டுபோக ஒரு கருவி வேண்டுமே என்ற அற்ப விஷயத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதை நான் செய்துகொண்டிருந்தேன்.

என் அறிவைப் பார்த்து அணியில் சேர்த்தார்கள் என்று தவறாக நினைத்துவிடாதீர்கள். ஆறு பேர் கொண்ட அணியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. அணித்தலைவன் பூபதி அந்த விதியைப் படித்த அன்றே எங்கள் வகுப்புக்கு வந்தான்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் சௌந்தர்யா. சும்மா வந்து நின்னாப் போதும்."

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

ஆனால் செய்வதற்கு ஒன்று என்னிடம்தான் இருந்தது. நாமக்கல் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. போன சித்திரையில் ஒரு மதியம் கரண்ட் போய், கொட்டகைக் கூரைமேல் தண்ணீர் தெளிப்பது நின்றுவிட்டது. அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். எழுந்து போய்ப் பார்த்தபோது பாதிக் கோழி வெக்கையில் செத்துக் கிடந்தது. இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன். பேட்டரியில் ஓடும் அது, கொட்டகையில் சூடு ஏறினால் கத்தும். அப்பாவின் தூக்கத்துக்குச் சின்ன பஸ்ஸரெல்லாம் தாலாட்டு என்பதால் பழைய லாரி ஹாரன் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். தூக்கக் கலக்கத்தில் அணைத்துவிட்டு மறுபடி படுத்துவிடக் கூடாதே, அதனால் பெட்டியில் சுவிட்சே வைக்கவில்லை. என் போனிலிருந்து மட்டும்தான் நிறுத்த முடியும்.

இதை நடுவர்கள் முன்னால் நானே விளக்கிச் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிப் பழகினேன். கிளம்புவதற்கு முந்தின நாள், பேசப்போவது தான்தான் என்று பூபதி அறிவித்தான். அவனுக்கு இங்கிலீஷ் சரளமாம். நான் நடுவர்கள் கண்ணில் படும்படி முன்வரிசையில் நிற்க வேண்டுமாம், விதிக்காக. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் அதையும் ஒழுங்காக அழ முடியவில்லை.

மறுநாள் கல்லூரி வாசலில் வழியனுப்பு விழா. ஃபிளெக்ஸில் தாளாளர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். போட்டியே இன்னும் நடக்கவில்லை, ஆனால் ஃபிளெக்ஸில் நாங்கள் வென்றிருந்தோம். கீழே ஐந்து வட்டங்களில் ஐந்து பையன்கள், கூலிங் கிளாஸோடு. ஆறாவது வட்டத்தில் ஒரு ரோஜாப்பூ, அதன்கீழ் என் பெயர். பொட்டப்புள்ள படத்தை ரோட்டில் வைக்க வேண்டாமென்று அப்பாதான் கல்லூரிக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார். அந்த அப்பா இப்போது அணிக்காக ஓர் அட்டை அவித்த முட்டையோடு வந்து, கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார்.

பச்சை விளக்கு மின்னினால்தான் போட்டோவுக்கு அழகு என்று தாளாளர் பெட்டியை ஓடவிடச் சொன்னார். சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. பூபதி தேங்காய்மேல் சூடம் ஏற்றிப் பெட்டியை மூன்று சுற்று சுற்றினான். சுற்றி முடித்துத் எரியும் சூடத்தோடு தேங்காயைச் சரியாக, சூட்டை அளக்கும் சென்சாருக்கு அடியில் வைத்தான். நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை நிற்கத்தானே சொன்னார்கள். நின்றேன்.

ஹாரன் அலறியது. வேன் டிரைவர் பழக்க தோஷத்தில், வழிவிடுவதற்காகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஐந்து பேரும் பெட்டியைத் தட்டினார்கள், தடவினார்கள். ஒருவன் குங்குமத்தைத் துடைத்துப் பார்த்தான். தாளாளர் காதைப் பொத்திக்கொண்டு, இதைச் செய்தது இதில் யார் என்று ஃபிளெக்ஸைக் காட்டிக் கேட்டார். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா முட்டை அட்டையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அந்த ரோசாப்பூ செஞ்சதுங்க" என்றார். "என்ற புள்ள."

பூபதி ஓடிவந்து என்னிடம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினான். நான் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் யார் பேசுவது என்று கேட்டேன். ஹாரன் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அவசரம் ஒன்றுமில்லை என்பதால் மறுபடி நிதானமாகக் கேட்டேன்.

"நீயே பேசு சாமி" என்றான்.

நிறுத்தினேன்.

நான் வேனில் ஏறும்போது அப்பா முட்டை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஃபிளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன்ற போட்டோ ஒண்ணு இருந்தாக் குடு சாமி. நானே அதுல ஒட்டிப்போட்டுப் போறேன்."

பையில் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று கிடந்தது, கொடுத்தேன். அதில் நான் சிரிக்கவில்லை, முகமும் உம்மென்று இருக்கும். பரவாயில்லை, அந்தக் கூலிங் கிளாஸ்களுக்கு அது போதும்.